கூற்றும் களனும்: அந்தமான் ஆய்வுகளில் செறிவிவரிப்பும் பொருள்கோளும்

போர்ட் பிளேர் நகரின் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது) துறைமுகப் பகுதிகளுள் ஒன்று ஃபீனிக்ஸ் பே. தீவுகளுக்கிடையே ஓடும் பயணிகள் கப்பல்கள் புறப்படும் துறையும், கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர்துறையும் இங்கு அமைந்துள்ளன. தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளைப் பேசுவோர் இந்துஸ்தானியைப் பொதுமொழியாகக் கொண்டு பழகும் இடம் இது. இங்கு மூன்று தலைமுறையாக வாழும் தமிழர் ஒருவரிடம், "உங்கள் சொந்த ஊர் எது?" என்று ஆய்வாளர் ஒருவர் வினவுவதாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் தமிழில் கேட்டால் "இராமநாதபுரம் பக்கம்" என்று அவர் கூறக்கூடும். அலுவலகத்தில் அதே வினா இந்துஸ்தானியில் எழுந்தால் விடை "ஃபீனிக்ஸ் பே" என்றாகலாம். சென்னையில் கேட்கப்படின் "அந்தமான்" என்பதே விடையாகும். மூன்று விடைகளும் உண்மை. எனினும் ஆய்வேட்டின் அட்டவணையில் ஒன்றே இடம்பெறும். யார் கேட்டார், எம்மொழியில் கேட்டார், எங்கே கேட்டார் என்பன அட்டவணையில் இடம்பெறா.

"லோக்கல்" என்னும் சொல்லும் இத்தகையதே. அகராதிப் பொருளில் அது உள்ளூர்க்காரரைக் குறிக்கும். போர்ட் பிளேர் வழக்கிலோ, தண்டனைக் குடியேற்றக் காலத்தில் கொண்டுவரப்பெற்ற கைதிகளின் வழித்தோன்றல்களையும், 1942ஆம் ஆண்டு சப்பானியர் வருகைக்கு முன்னரே குடியேறியோரின் வழியினரையும் சிறப்பாகக் குறிக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் இப்பொருளில் "லோக்கல்" ஆகாதிருக்கலாம். "அவர் லோக்கல் இல்லை" என்னும் தொடரை "அவர் வெளியூர்க்காரர்" என மொழிபெயர்க்கும் ஆய்வாளர் இலக்கணப் பிழை எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தத் தொடர் சுட்டிய சமூக வரலாறு முழுவதும் அவருடைய மொழிபெயர்ப்பில் மறைந்துவிடுகிறது.

பண்புசார் ஆய்வின் முடிவுகளை விரிவான எடுத்துரைப்பின் வழியாகப் பொருள்கொள்ளும் முறை தமிழ் ஆய்வுலகிற்குப் புதிதன்று. நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல், சமூகமொழியியல் ஆகிய துறைகளின் ஆய்வேடுகளில் அது பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஆயினும் விவரிப்பு எங்கு முடிகிறது, பொருள்கோள் எங்குத் தொடங்குகிறது என்னும் வினா இன்னும் தெளிவாக்கப்படவில்லை. இவ்வினாவை ஆராய்வதற்கு ஏ. ஆர். ரேட்கிளிஃப்-பிரௌனின் 'அந்தமான் தீவினர்' (1922) என்னும் நூலைவிடப் பொருத்தமான களம் அரிது.

விவரிப்பும் பொருள்கோளும்

'செறிவிவரிப்பு' என்னும் கருத்தாக்கம் தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைலிடமிருந்து கிளிஃபோர்டு கீர்ட்ஸால் பெறப்பட்டு, 1973இல் வெளிவந்த 'பண்பாடுகளின் பொருள்கோள்' என்னும் நூலின் முதற்கட்டுரையில் மானிடவியலுக்குரியதாக ஆக்கப்பட்டது. ரைல் காட்டிய எடுத்துக்காட்டு எளியது. இரு சிறுவர்களின் வலக்கண் இமை சட்டென மூடித் திறக்கிறது. ஒருவனுக்கு அது தன்னையறியாத துடிப்பு. மற்றவனுக்கு நண்பனுக்குக் காட்டும் குறிப்பு. மூன்றாமவன் ஒருவன் அக்குறிப்பைக் கேலியாக நடித்துக் காட்டலாம். கேலியை நன்றாகச் செய்வதற்காக வீட்டில் தனியே ஒத்திகையும் பார்க்கலாம். இமை அசைந்ததை மட்டும் கூறினால் நான்கும் ஒன்றே. அவற்றை வேறுபடுத்திக் கூறும் விவரிப்பே செறிவானது. எனவே விவரிப்பு முதலில் நிகழ்ந்து பொருள்கோள் பின்னர் வருவதில்லை. 'கண்சிமிட்டினான்' என்று எழுதும்போதே பொருள்கோள் நிகழ்ந்துவிடுகிறது.

இக்கருத்தாக்கம் தமிழில் 'அடர் விவரணை' என்றும் வழங்கப்படுகிறது. அடர்த்தி என்பது அளவைச் சுட்டுவதால், சொற்பெருக்கமே இம்முறையின் இலக்கணம் என்னும் மயக்கத்திற்கு அது இடந்தருகிறது. ஆய்வேடுகள் சிலவற்றில் இம்மயக்கம் வெளிப்படையாகவே காணப்படுகிறது. கள ஊரின் மழை, கடற்காற்று, தேநீர்க்கடையின் புகை ஆகியன இரண்டு பக்கங்களுக்கு வருணிக்கப்படும். பின்னர்த் தகவலாளியின் கூற்று எவர்க்கு, எப்போது சொல்லப்பட்டது என்ற குறிப்பே இன்றி மேற்கோளாகத் தரப்படும். வருணனை இருந்தும் செறிவு இல்லை. இக்கட்டுரையில் 'செறிவிவரிப்பு' என்னும் ஆட்சியே கொள்ளப்படுகிறது.

செறிவிவரிப்பிற்கு வேண்டிய கூறுகள் யாவை என்பதற்குத் தமிழ் மரபிலேயே விடை உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புகளாக எண்ணுவனவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவை அடங்கும். சொல்பவர் யார், கேட்பவர் யார், எவ்விடத்தில், எக்காலத்தில், எதன்பொருட்டு, எவ்வுணர்வு தோன்ற, எதனைச் சொல்லாது விட்டு, எக்குறிப்பால் உணருமாறு என்னும் இவ்வினாக்களே ரைல் கூறிய இமையசைவை வேறுபடுத்திக் காட்டுவன. அகப்பாடல்களின் அடியில் 'தோழி தலைமகற்குச் சொல்லியது' என்பது போன்று வரும் குறிப்பு நீக்கப்பட்டால் அதே பாடல் வேறு பொருள் தருவதை உரையாசிரியர்கள் பலவிடங்களில் காட்டியுள்ளனர். செய்யுளுக்காக வகுக்கப்பட்ட உறுப்புகளைக் களக்குறிப்பிற்குப் பொருத்துவது மிகையெனத் தோன்றலாம். எனினும் பேச்சைச் சூழலோடு வைத்துப் பொருள்கொள்ளும் வேட்கை இரண்டிற்கும் பொது. மாலினோவ்ஸ்கி 1923இல் 'சூழமைவு' பற்றி எழுதியபோது தேடியதும் இதையே.

அழுகை

ரேட்கிளிஃப்-பிரௌன் 1906 முதல் 1908 வரை அந்தமானில் களப்பணி செய்தார். நூல் வெளிவந்த 1922ஆம் ஆண்டில் அவர் பெயர் ஏ. ஆர். பிரௌன் என்றே இருந்தது. அவ்வாண்டிலேயே மாலினோவ்ஸ்கியின் 'மேற்குப் பசிபிக்கின் ஆர்கோநாட்டுகள்' என்னும் நூலும் வெளிவந்தது. இரண்டாமவர் டிரோபிரியண்டு மக்களின் மொழியைக் கற்று அதிலேயே உரையாடியவர். முன்னவரோ பெரிதும் இந்துஸ்தானியை நம்பினார். சின்ன அந்தமானில் ஓங்கே மக்களின் மொழியைக் கற்க முயன்று, அது விரைவில் பயன் தாராமையால், இந்துஸ்தானி அறிந்த பெருந்தீவு மக்களிடையே தம் ஆய்வைத் தொடர்ந்தார். அம்மக்கள் இந்துஸ்தானியைக் கற்றதற்கும் ஒரு களம் உண்டு. 1858இல் தொடங்கப்பட்ட தண்டனைக் குடியேற்றமும், ஃபீனிக்ஸ் பேயை அடுத்த ஹேடோ போன்ற இடங்களில் அரசு நடத்திய 'அந்தமான் இல்லங்களும்' அதனைக் கற்பித்தன. பல மாநிலக் கைதிகள் தம்முள் பேசிய பேச்சே அந்த இந்துஸ்தானி. ஆக, 'அந்தமான் தீவினர்' நூலின் தரவுகள் பல, காட்டிலிருந்து நேரே ஆங்கிலத்திற்கு வந்தவை அல்ல. கைதிகளின் பொதுமொழி வழியாக வந்தவை.

நூலின் கட்டமைப்பு குறிப்பிடத்தக்கது. முதல் நான்கு இயல்கள் விவரிப்பு. ஐந்தாம், ஆறாம் இயல்கள் பொருள்கோள். தரவையும் விளக்கத்தையும் கலவாமல் தருவது படிப்பவர்க்குச் சோதித்தறியும் உரிமையைத் தரும் என்பது ஆசிரியர் கருத்து. நேர்மையான நோக்கமே. ஆனால் அது நிறைவேறியதா என்பதை அழுகைச் சடங்கைக் கொண்டு காணலாம்.

நெடுநாள் பிரிந்த உறவினர் இருவர் சந்திக்கும்போது ஒருவர் மற்றவர் மடியில் அமர்ந்து, கழுத்தைச் சுற்றிக் கைகளைப் போட்டுக்கொண்டு, சில நிமிடங்கள் ஓலமிட்டு அழுவர். கணவனும் மனைவியுமாயின் மனைவியின் மடியில் கணவன் அமர்வான். பிரியும்போது அழுவதில்லை. செல்பவர் மற்றவரின் கையை எடுத்துத் தம் உதட்டருகே கொண்டுவந்து மெல்ல ஊதுவார். சந்திப்பில் மட்டுமன்றி, சமாதானச் சடங்கு, துக்கக்காலத்தின் முடிவு, இறப்பு, திருமணம், பருவமடைதற் சடங்கு முதலிய நிகழ்ச்சிகளிலும் அழுகை இடம்பெறுகிறது. ரேட்கிளிஃப்-பிரௌன் இவற்றைத் தொகுத்து, ஒரே வழக்கம் வெவ்வேறு நிகழ்ச்சிகளில் காணப்படின் அவை அனைத்திலும் அதன் பொருள் ஒன்றாகவோ ஒத்ததாகவோ இருக்கும் என்னும் நெறியை முன்வைக்கிறார். அதன்படி, தடைப்பட்ட உறவு மீண்டும் தொடங்கும் இடங்களில் பிணைப்பை உறுதிப்படுத்துவதே அழுகையின் பொருள் என்பது அவர் முடிவு.

மொழியியலார் இந்நெறியை உடனே இனங்காண்பர். ஒரு வடிவம் வரும் சூழல்களையெல்லாம் தொகுத்து, அவற்றின் பொதுக்கூற்றைப் பொருளாகக் கொள்ளும் வருகைமுறை ஆய்வே இது. ஒலியனியலில் அதன் வன்மை நிறுவப்பட்டது. ஆனால் பொருண்மையியலில் பலபொருள் ஒருசொல், ஒப்புருச் சொல் ஆகியவற்றை விலக்கிய பின்னரே அது செல்லும். இறப்பின் அழுகையும் சந்திப்பின் அழுகையும் ஒரே வடிவின் இரு வருகைகளா, வடிவொத்த இரண்டு வழக்கங்களா என்பதை முடிவு செய்ய அம்மக்கள் அவற்றை எச்சொற்களால் சுட்டினர் என்பது தெரிய வேண்டும். நூல் இவ்விடத்தில் நிறைவு தரவில்லை.

இதனினும் நுட்பமான ஒரு செய்தி நூலில் உண்டு. தாம் வேண்டிக்கொண்டபோது அம்மக்கள் உடனே அமர்ந்து உண்மைக் கண்ணீர் விட்டு அழுது காட்டினர் என ஆசிரியர் பதிவு செய்கிறார். அழுகை தன்னியல்பான உணர்ச்சி வெளிப்பாடன்று, வழக்கத்தால் ஆளப்படுவது என்பதற்கு இதனைச் சான்றாக்குகிறார். இங்குதான் ரைலின் எடுத்துக்காட்டு நினைவிற்கு வர வேண்டும். ஒத்திகை பார்க்கும் சிறுவனின் இமையசைவு இது. அயலவர் ஒருவர், ஆட்சியாளர் இனத்தவர், பொதுமொழியில் "அழுது காட்டுங்கள்" என்று கேட்டபோது எழுந்த அழுகைக்குக் கூற்று வேறு, கேட்போர் வேறு, பயன் வேறு. உறவினர் சந்தித்தபோது எழுந்த அழுகையோடு அதனை ஒன்றாகக் கொள்வதற்குத் தனி வாதம் வேண்டும். ஆயினும் ரேட்கிளிஃப்-பிரௌன் இச்செய்தியை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் இன்று அவரை மறுக்கவும் இயலுகிறது. களக்குறிப்பில் ஆய்வாளரின் வேண்டுகோளும் இடம்பெற வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய காரணம் தேவையில்லை.

விவரிப்பு இயல்களின் வாக்கிய அமைப்பும் ஆராயத்தக்கது. எழுவாய் பெரும்பாலும் பொதுமைப்பட்டது, வினை நிகழ்காலம். ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இருவர் சந்தித்த காட்சி அருகியே வருகிறது. ஆங்கில நிகழ்காலம் வழக்கத்தையும் நிகழ்ச்சியையும் ஒருங்கே சுட்டவல்லது. தமிழாக்குவோர் இங்குத் தேர்ந்தெடுக்க வேண்டியவராகின்றனர். 'அமர்கின்றனர்' என்றால் நிகழ்ச்சி கண்முன் நடப்பதாகும். 'அமர்வர்' என்றால் வழக்கமாகும். 'அமர்ந்தனர்' என்றால் கண்டறிந்த ஒரு நிகழ்ச்சியாகும். 1877இல் பரவிய தட்டம்மை முதலிய நோய்களால் மக்கள்தொகை பெரிதும் அழிந்த பின்னரே களப்பணி நடந்தது என்பதால், 'அமர்வது வழக்கமாக இருந்தது' என்பதே சிலவிடங்களில் உண்மைக்கு நெருங்கியதாகலாம். மூலம் விட்டுவிட்ட வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் கேட்டு நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இவ்விடத்தில் பொருள்கோளாளராகிறார்.

'அழுகை' என்னும் சொல்லிலும் இடர்ப்பாடு உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். சந்திப்பின் அழுகை இவற்றுள் எதனுள்ளும் அடங்காது. 'உவகைக் கண்ணீர்' என்று பெயர்த்தால் உணர்ச்சி தானே பெருகியதாகும்; நூலாசிரியர் மறுப்பதும் அதையே. 'ஒப்பாரி' என்றால் இறப்பும் பாடலும் உடன்வரும். 'அழுகைச் சடங்கு' என்னும் தொடர் அழகற்றது. எனினும் தீமை குறைந்தது அதுவே.

கிமில்

நூலின் மிகச் சிறந்த பகுதி ஒரு சொல்லைப் பற்றியது. வடக்கு அந்தமானின் அக்கா-ஜேரு மொழியில் 'கிமில்' என்றும் தெற்கின் அக்கா-பேயாவில் 'குமுல்' என்றும் வழங்கிய சொல் அது. அதன் முதற்பொருள் வெப்பம். நோயுற்றவரின் நிலையும் கிமில்; புயலுற்ற வானிலையும் கிமில்; பருவமடைதற் சடங்கிற்கு உட்பட்ட இளைஞரின் நிலையும் கிமில்; அச்சடங்கும் கிமில். ஆமையுண்ணும் சடங்கில் இளைஞன் நீர்ப்பருத்தி இலைகளின்மேல் அமர்ந்து, பேச்சும் உறக்கமும் இன்றி இருக்க வேண்டும். ஆபத்தான ஆற்றல் ஒன்றோடு தொடர்புகொண்ட நிலையே கிமில் எனவும், உணவு சமுதாயத்தில் பெற்ற மதிப்பே அவ்வாற்றலாக உணரப்படுகிறது எனவும் ரேட்கிளிஃப்-பிரௌன் விளக்குகிறார்.

விளக்கத்தின் பிற்பகுதி ஐயத்திற்குரியது. 'சமுதாய மதிப்பு' என்பது ஆய்வாளரின் சொல்; அம்மக்கள் எவரும் கூறியதன்று. ஆனால் முற்பகுதி நிலைத்து நிற்கிறது. காரணம், இங்கு மட்டும் ஆசிரியர் சொல்லை மூலமொழியிலேயே வைத்து, அது வரும் சூழல்களை ஒவ்வொன்றாகத் தந்துள்ளார். அரை நூற்றாண்டிற்குப் பின் எட்மண்ட் லீச் 'கிமில்: அந்தமானியச் சிந்தனையின் ஒரு வகைப்பாடு' (1971) என்னும் கட்டுரையில் இதே தரவுகளை எடுத்து அமைப்பியல் நோக்கில் மறுபொருள்கோள் செய்ய முடிந்தது. லீச் அந்தமானில் களப்பணி செய்தவரல்லர். சொல் காக்கப்பட்டிருந்ததே அவருக்குப் போதுமானதாயிற்று. 'வெப்பம்' என்று மட்டும் ரேட்கிளிஃப்-பிரௌன் எழுதியிருந்தால் மறுவிவாதம் தொடங்கியே இராது.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு ஈ. எச். மானின் நூல் (1883). புலுகா என்னும் தெய்வத்தைப் பிறப்பும் இறப்பும் இல்லாத, அனைத்தையும் படைத்த பரம்பொருளாக அது காட்டியது. ஆண்ட்ரூ லாங்கும் பாதிரியார் ஷ்மிட்டும் அதனை ஆதிச் சமயத்தின் ஒருதெய்வக் கோட்பாட்டிற்குச் சான்றாக்கினர். வடக்கில் அதே தெய்வம் பிலிகு என்னும் பெயரில் பெரும்பாலும் பெண்ணாக வழங்கப்படுவதையும், வடகீழ்ப் பருவக்காற்றோடு இணைக்கப்படுவதையும், தேன்மெழுகை உருக்குவதும் சிள்வண்டைக் கொல்வதும் அதன் சினத்தைத் தூண்டும் என்று நம்பப்படுவதையும் ரேட்கிளிஃப்-பிரௌன் எடுத்துக்காட்டினார். மானின் விவரிப்பு வளமானதே. ஆனால் எந்த விடை எந்த வினாவிற்கு எழுந்தது என்பது அதில் இல்லை.

மானிடம் குறை மட்டும் காண்பது நேர்மையாகாது. அவருடைய மொழிக்குறிப்புகள் இன்றும் பயன்தருவன. அக்கா-பேயாவில் 'பேரிங்கா' என்பது நன்மைப் பண்பைக் குறிக்கும். வாயைச் சுட்டும் முன்னொட்டுடன் 'அக்கா-பேரிங்கா' என்றால் மொழி வல்லவர். கண்ணும் முகமும் சார்ந்த முன்னொட்டுடன் 'இக்-பேரிங்கா' என்றால் கூரிய பார்வையுடையவர். கை சார்ந்த 'உன்-பேரிங்கா' என்றால் திறமையாளர். 'ஒட்-பேரிங்கா' என்றால் ஒழுக்கமுடையவர். இம்முன்னொட்டுகளின் முழு அமைப்பை அன்விதா அப்பி தம் பேரந்தமானிய மொழி இலக்கணத்தில் (2013) தெளிவாக்கினார். உடலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, அப்பகுப்பையே பெயர், வினை, அடை எனப் பல சொல்வகைகளிலும் இலக்கணக் கூறாக ஆள்வது அம்மொழியின் தனித்தன்மை என்பது அவர் முடிவு. அது சரியெனின், கிமிலுக்கு முன் வரும் 'ஒட்' என்பதும் வெறும் ஒட்டன்று. வெப்பம் உடலின் எப்பகுதியைச் சார்ந்ததாக உணரப்பட்டது என்னும் வினாவை அது எழுப்புகிறது. ரேட்கிளிஃப்-பிரௌனின் சமுதாய விளக்கம் இவ்வினாவைத் தொடவே இல்லை. இலக்கணமே இங்குச் செறிவிவரிப்பின் பகுதியாகிறது என்பது மொழியியலார் மானிடவியலார்க்கு நினைவூட்ட வேண்டிய ஒன்று.

அப்பியின் தரவுகளும் பெரிதும் இந்தியின் துணையோடு திரட்டப்பட்டவையே. ஸ்ட்ரெய்ட் தீவிலும் போர்ட் பிளேரின் ஆதி பசேராவிலும் சிலரே எஞ்சியிருந்த நிலையில் அவர் பணி நடந்தது. பேரந்தமானியர் 1961இல் 19 பேராகக் குறைந்திருந்தனர். போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். தம் மொழியில் பேச எவரும் இன்மையால் அவர் பறவைகளோடு பேசுவார் என்பது பலரும் அறிந்த செய்தி. 'கேட்போர்' என்னும் உறுப்பு ஒரு மொழிக்கு இல்லாமற்போவதன் பொருள் இதுவே. இனிக் கிமில் பற்றி எழும் ஐயத்தைத் தீர்க்கக் கேட்பதற்கு ஆளில்லை. எழுதிவைத்த குறிப்பு எவ்வளவு செறிவானதோ அவ்வளவே சான்று.

மொழிபெயர்ப்பாளர் நிலை

கிமிலைத் தமிழில் 'சூடு' என்று பெயர்த்தால் என்ன? ஆசை தரும் சொல். தமிழிலும் உடற்சூடு உண்டு, சூடான உணவு என்னும் வகைப்பாடு உண்டு, அம்மை கண்ட உடலைக் குளிர்விக்கும் வழக்கம் உண்டு. தென்னிந்தியச் சடங்குகளில் நிறமும் வெப்பமும் பெறும் இடத்தைப் பிரெண்டா பெக் 1969இல் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கிலத்தைவிடத் தமிழ் இச்சொல்லுக்கு நெருக்கமாக இருப்பது மறுக்க முடியாதது. ஆபத்தும் அந்த நெருக்கத்திலேயே உள்ளது. 'சூடு' என்றவுடன் தமிழ் வாசகர் பித்தம், வேப்பிலை, மாரியம்மன் என்னும் தம் உலகை உள்ளே கொண்டுவருவர். புயலைச் 'சூடு' எனத் தமிழர் கூறுவதில்லை. பூப்புச் சடங்கிற்கும் அப்பெயர் இல்லை. அயன்மை தெரியும் சொல்லைவிட, அயன்மை மறைந்த சொல்லே வாசகரை மிகுதியாகத் தவறச் செய்யும். எனவே 'கிமில்' என்றே நிறுத்தி, முதல் வருகையில் சூழல்களை விளக்கி, தமிழ்ச் சூட்டோடு ஒக்கும் இடத்தையும் ஒவ்வா இடத்தையும் அடிக்குறிப்பில் காட்டுவதே தகும். க்வாமே ஆண்டனி அப்பையா 1993இல் 'செறிமொழிபெயர்ப்பு' எனப் பெயரிட்டு, அக்கான் மொழிப் பழமொழிகளைக் கொண்டு வாதிட்டதும் இத்தகைய முறைக்காகவே. அடிக்குறிப்பு மொழிபெயர்ப்பாளரின் தோல்வி என்னும் கருத்து பதிப்பகங்களில் இன்னும் நிலவுகிறது. ஆய்வு நூல்களைப் பொறுத்தவரை அது பொருந்தாது.

கீர்ட்ஸின் முறையே முழு மருந்து எனக் கொள்வதற்கும் இல்லை. பாலித் தீவின் சேவற்சண்டை பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரையில் (1972) 'பாலியர் உணர்கின்றனர்' என்னும் வகைத் தொடர்கள் வருகின்றன. அவ்வாறு உணர்ந்ததாகக் கூறிய பாலியர் ஒருவரும் பெரும்பாலும் தென்படுவதில்லை என வின்சென்ட் கிரபன்சானோ 1986இல் சுட்டினார். நடை வளமானது, கூற்றிற்கு உரியவர் இல்லை. ரேட்கிளிஃப்-பிரௌனின் 'அந்தமான் தீவினர்' என்னும் பொது எழுவாயும் கீர்ட்ஸின் 'பாலியர்' என்னும் எழுவாயும் இவ்வகையில் உடன்பிறப்புகள். முன்னவரிடம் வறண்ட நடையில் இருந்த குறை பின்னவரிடம் அழகிய நடையில் மறைந்துகொண்டது என்பதே வேறுபாடு. இதற்கு மாறாக, ஓங்கே மக்களிடையே களப்பணி செய்த விஷ்வஜித் பாண்டியாவின் 'காட்டிற்கு மேலே' (1993) காற்று, மணம், ஆவி ஆகியன பற்றிய கருத்துகளை அம்மக்களின் இடப்பெயர்ச்சி என்னும் அன்றாடச் செயலோடு பொருத்திக் காட்டுகிறது. அதனால் அதன் பொருள்கோளை ஏற்காதவரும் பொருள்கோள் எழுந்த இடத்தைக் காண முடிகிறது.

ஃபீனிக்ஸ் பேயின் தமிழை ஆராய்வோர்க்கு இவை தொலைவான செய்திகள் அல்ல. அங்குள்ள தமிழர் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் வந்தவர் அல்லர். வேலை தேடி வந்தோர், அரசுப்பணியில் வந்து தங்கியோர், பர்மாவிலிருந்து திரும்பியோர் எனப் பலதிறத்தினர் இத்தீவுகளில் உள்ளனர். கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்டனர். 'ஊர்' என்னும் சொல் இவர்கள் அனைவர்க்கும் ஒரே பொருளினதாக இருக்க இயலாது. "ஊருக்குப் போகிறேன்" என்னும் தொடரும் "மெயின்லேண்டு போகிறேன்" என்னும் தொடரும் ஒரே பயணத்தைச் சுட்டலாம். முன்னதைப் பாட்டி கூறப் பின்னதைப் பேரன் கூறுவதாக ஒரு களக்குறிப்பு இருப்பின், அங்கு நிகழ்வது சொற்கடன் மட்டுமா, ஊரென்பதே இடம்பெயர்ந்துவிட்டதா என்று கேட்க வழி பிறக்கும். 'தமிழ்ப் பேச்சில் ஆங்கிலக் கடன்சொற்கள் மிகுதி' என்று முடிவு மட்டும் எழுதப்பட்டால் அந்த வழி அடைபடும்.

எடுத்துக்காட்டிற்காக ஒரு குறிப்பை இரு வகையில் எழுதிக் காணலாம். முதல் வகை: 'ஃபீனிக்ஸ் பே தமிழர் தம்மை அந்தமான்காரராகவே கருதுகின்றனர்.' இரண்டாம் வகை: 'கப்பல்துறையில் பயணச்சீட்டிற்குக் காத்திருந்தபோது, ஆய்வாளர் சென்னையிலிருந்து வந்தவர் என அறிந்த பெண்மணி, தமக்கு அங்கு யாருமில்லை எனத் தமிழில் கூறினார். அருகிருந்த மகனிடம் உடனே இந்துஸ்தானிக்கு மாறி, அடுத்த ஆண்டுக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போவது பற்றிப் பேசினார்.' இரண்டாவதில் வருணனை எதுவும் இல்லை. கடலும் இல்லை, காற்றும் இல்லை. எனினும் கூற்று, கேட்போர், களன், மொழிமாற்றம் ஆகிய நான்கும் உள்ளன. முதல் வகை முடிவு இதிலிருந்து பெறப்படலாம். அதற்கு நேர்மாறான முடிவும் பெறப்படலாம். படிப்பவர் இரண்டையும் சீர்தூக்க முடியும் என்பதே இதன் பயன். ஆய்வுப் படிவங்களில் 'சொந்த ஊர்' என்னும் கட்டத்தை அடுத்து, 'கேட்டவர் யார், எம்மொழியில், எவ்விடத்தில்' என இன்னும் மூன்று கட்டங்கள் சேர்ப்பதற்கு அரைப் பக்கம் போதும்.